மழை பெய்ததும் பஞ்சம்: கூல்டியன் சில்லையும் அதன் புல்வெளிக் காடும்

ஆஸ்திரேலியாவின் வட கடற்கரையில் உள்ள டார்வின் நகரத்தின் விளிம்பில், அந்தப் பகுதியின் பழங்குடியினரான லாரக்கியா மக்கள் பினிபாரா என்று அழைக்கும் லீ பாயிண்ட் பகுதியில், சுமார் 800 வீடுகள் கட்டும் திட்டம் ஒன்று 2022இல் நிறுத்திவைக்கப்பட்டது. கட்டுமானத்துக்காக ஒதுக்கிய நிலத்தை ஒட்டிய நீர்நிலையில், அழியும் ஆபத்தில் உள்ள கூல்டியன் சில்லை என்ற சிறு பறவைகள் தண்ணீர் குடிக்க வந்ததே அதற்குக் காரணம். 2023இல் கூடுதல் நிபந்தனைகளோடு ஒப்புதல் கிடைத்தது. பின்னர் லாரக்கியா மக்களின் பண்பாட்டு உரிமை குறித்த எதிர்ப்பால் பணி மீண்டும் தள்ளிப்போய், 2024இல் மரங்களை அகற்றும் வேலை தொடங்கியது.

இந்தச் செய்தியைப் படித்தவர்களுக்கு இயல்பாகவே மூன்று ஐயங்கள் எழுந்தன. உலகெங்கும் பறவைக் கடைகளில் கிடைக்கும் ஒரு பறவை எப்படி அழியும் ஆபத்தில் இருக்க முடியும்? புல் விதையைத் தின்னும் பறவைக்கு, கண்ணுக்கெட்டிய தூரம் புல்லே விளையும் நாட்டில் என்ன குறை? காட்டைக் காப்பாற்ற வேண்டியவர்களே அங்கே காட்டுக்குத் தீ வைக்கிறார்களே, அது எப்படிச் சரியாகும்? மூன்றுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: ஆண்டின் சில வாரங்களில், தரையில் விதையே இல்லாமல் போகும் ஒரு இடைவெளியில்.

எந்தப் பறவை இது

நம் வயல்வெளிகளில் கூட்டமாக வந்து கதிரில் தொங்கும் புள்ளிச் சில்லை, வேலியோரங்களில் காணும் வெண்முதுகுச் சில்லை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததே கூல்டியன் சில்லை. குட்டையான, கூம்பு வடிவ அலகு இந்தக் குடும்பத்தின் அடையாளம். அந்த அலகால் புல் விதையின் உமியை உரித்து உள்ளிருக்கும் பருப்பை மட்டும் விழுங்கும். பறவையின் எடை ஏறத்தாழ 15 கிராம். அலகிலிருந்து வால் நுனிவரை ஒரு சாண்கூட வராது. பச்சை முதுகு, ஊதா மார்பு, மஞ்சள் வயிறு. தலை மட்டும் மூன்று நிறங்களில் அமைகிறது. காட்டில் பெரும்பாலானவை கருந்தலை கொண்டவை, ஏறத்தாழ நான்கில் ஒன்று செந்தலை, மஞ்சள் தலை மிக மிக அரிது. இவை மூன்று வெவ்வேறு இனங்கள் அல்ல. ஒரே கூட்டத்தில் ஒன்றோடொன்று இணைசேரும் ஒரே இனம்.

கடைகளில் இதைக் 'கோல்டியன்' என்று சொல்வதால், தங்க நிறத்தை வைத்து வந்த பெயர் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் இது ஒரு பெண்ணின் நினைவாக வந்த பெயர். பறவையியலாளர் ஜான் கூல்ட் 1844இல் இந்தப் பறவைக்குத் தம் மனைவி எலிசபெத் கூல்டின் பெயரை இட்டார். கணவரோடு 1838இல் ஆஸ்திரேலியாவுக்குப் போய் அங்கே பறவைகளை வரைந்த எலிசபெத், 1841இல் தம் எட்டாவது குழந்தை பிறந்த சில நாட்களில் இறந்துபோனார். கணவரின் நூல்களில் உள்ள நூற்றுக்கணக்கான படங்கள் அவர் கைவண்ணம் என்பதால், அவர் பெயரைத் தாங்கும் பறவை இத்தனை நிறத்தோடு இருப்பது பொருத்தமாகவே தோன்றுகிறது.

நிலம்: மரமும் புல்லும் கலந்த சவன்னா

வட ஆஸ்திரேலியாவில் மேற்கே கிம்பர்லி முதல் கிழக்கே கேப் யார்க் வரை விரியும் நிலப்பரப்பு சவன்னா வகையைச் சேர்ந்தது. யூகலிப்டஸ் மரங்கள் இடைவெளி விட்டு நிற்கும். மேலே கிளைகள் கூரைபோல மூடிக்கொள்ளாததால் வெயில் தரைவரை இறங்கும். அந்த வெயிலில் புல் ஆளுயரத்துக்கும் மேலே வளரும். டார்வினில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. சென்னையைவிட அதிகமான அந்த மழை அநேகமாக முழுவதும் நவம்பரிலிருந்து ஏப்ரலுக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மே முதல் அக்டோபர்வரை வறட்சி.

இந்தப் புல்வெளியில் வளரும் புற்களை இரண்டு வகையாகப் பிரித்துப் பார்க்காமல் மற்ற எதையும் விளங்கிக்கொள்ள முடியாது.

1. ஓராண்டுப் புல். மழையில் முளைத்து, மழை முடியும்போது விதையை உதிர்த்துவிட்டுச் செத்துப்போகும். இதில் முதன்மையானது காட்டுச் சோளம். நாம் உண்ணும் சோளத்தின் தூரத்து உறவான இது, சில மாதங்களில் இரண்டு, மூன்று மீட்டர் உயரம் வளர்ந்துவிடும்.

2. பல்லாண்டுப் புல். மேலே உள்ள தாள் காய்ந்தாலும் மண்ணுக்குள் தூர் உயிரோடு இருக்கும். மழை வந்ததும் அதே தூரிலிருந்து துளிர்க்கும். காக்கட்டூ புல், சுருள் ஸ்பினிஃபெக்ஸ் ஆகியவை இந்த வகை.

கூல்டியன் சில்லைக்கு இரண்டும் வேண்டும். ஒன்று இல்லாத காலத்தில் மற்றொன்று கைகொடுக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி விழுந்துவிடக் கூடாது.

ஓராண்டு எப்படிக் கழிகிறது

1. மார்ச், ஏப்ரலில் காட்டுச் சோளம் முற்றி விதை உதிர்க்கிறது. காய்ந்த தாள்களைக் கடைசிப் புயல்மழை தரையோடு சாய்த்துவிடும். பறவைகள் குன்றுப் பகுதிகளில் இணைசேரத் தொடங்குகின்றன.

2. மே முதல் ஆகஸ்ட்வரை தரையில் கிடக்கும் சோள விதையைத் தின்று, குஞ்சுகளுக்கும் அதையே ஊட்டி வளர்க்கின்றன. வறண்ட காலம் என்றாலும் இதுவே இவற்றின் செழிப்பான காலம்.

3. செப்டம்பர், அக்டோபரில் ஓடைகள் வற்றுகின்றன. எஞ்சிய சில நீர்நிலைகளைச் சுற்றியே பறவைகள் கூடுகின்றன. தரையில் விதை குறைந்துகொண்டே வருகிறது.

4. நவம்பர், டிசம்பரில் முதல் மழை. பஞ்சம் தொடங்குவது இங்கேதான்.

5. ஜனவரிக்குப் பின் பல்லாண்டுப் புற்கள் அடுத்தடுத்துக் கதிர் விடுகின்றன. பறவைகள் குன்றுகளை விட்டுத் தாழ்நிலங்களுக்கு இறங்கி, எங்கே எந்தப் புல் முற்றியிருக்கிறதோ அங்கே போகின்றன.

மழைக்குப் பிறகு வரும் பஞ்சம்

மழையை உணவோடு சேர்த்தே நினைத்துப் பழகிய நமக்கு நான்காவது கட்டம் தலைகீழாகத் தெரியும். ஆனால் விதை தின்னியின் பக்கம் நின்று பார்த்தால் கணக்கு நேரானது. விதை விதையாக இருக்கும்வரைதான் அது உணவு. முளைவிட்ட மறுநாள் அது புல். புல்லைத் தின்று செரிக்கும் குடல் இந்தப் பறவைக்கு இல்லை.

காட்டுச் சோளத்தின் விதையைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதன் பின்னால் முறுக்கிய கம்பிபோல ஒரு நீண்ட வால் இருக்கும். ஈரம் பட்டால் அந்த வால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மீண்டும் முறுக்கிக்கொள்ளும். இரவுப் பனிக்கும் பகல் வெயிலுக்கும் மாறி மாறித் திருகிக்கொண்டே, விதை தன்னைத்தானே மண்ணுக்குள் துளைத்துப் புதைத்துக்கொள்கிறது. இந்த விதை அடுத்த ஆண்டுக்கு என்று மண்ணுக்குள் காத்திருப்பதில்லை. நம் ஊர்க் களைகளில் பலவும் ஆண்டுக்கணக்கில் மண்ணுக்குள் உறங்கிக் கிடக்கும். காட்டுச் சோளம் அப்படியல்ல. முதல் நல்ல மழை விழுந்ததும் ஒரு மலைச்சரிவின் விதைகள் அத்தனையும் சில நாட்களுக்குள் ஏறத்தாழ ஒன்றாக முளைத்துவிடும். ஆறேழு மாதம் பறவைகளுக்குச் சோறிட்ட களஞ்சியம் ஒரே வாரத்தில் காலியாகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு மலையெங்கும் பசுமை. அந்தப் பசுமையே உணவு தீர்ந்துபோனதற்கு அடையாளம்.

இந்த இடைவெளியை முதலில் நிரப்புவது காக்கட்டூ புல். தூரில் சேமித்துவைத்த சத்தைக் கொண்டு, முதல் மழை பெய்து சில வாரங்களிலேயே அது கதிர் விட்டுவிடும். அது வரும்வரை பறவை தாக்குப்பிடித்தால் பிழைக்கும். அந்தப் புல் வளரும் இடம் எரிந்தோ மேய்ந்தோ போயிருந்தால், அல்லது பறந்து எட்டக்கூடிய தூரத்தில் இல்லாவிட்டால், இடைவெளி நீள்கிறது. பதினைந்து கிராம் உடலில் சேமிப்பு என்று பெரிதாக ஒன்றும் இருக்க முடியாது.

இதே காட்டில் வாழும் மற்றச் சில்லை இனங்கள் இந்த வாரங்களை எப்படிக் கடக்கின்றன என்ற கேள்வி முக்கியமானது. நீள்வால் சில்லை போன்றவை கறையானையும் பூச்சிகளையும் பிடித்துத் தின்னும். மழை வந்ததும் ஈசல் பறக்கும், அதையும் உண்ணும். கூல்டியன் சில்லை காட்டில் கிட்டத்தட்ட முழுக்கப் புல் விதையை மட்டுமே நம்பியிருக்கிறது, குஞ்சுகளுக்கும் அதையே தருகிறது. நீள்வால் சில்லை இன்றும் பரவலாகக் காணப்படுவதற்கும், கூல்டியன் சில்லை கேப் யார்க்கின் பெரும்பகுதியை விட்டே மறைந்துபோனதற்கும் இந்த வேறுபாடு ஒரு முக்கியக் காரணம்.

தீ: எப்போது வைப்பது என்பதே கேள்வி

வட ஆஸ்திரேலியச் சவன்னா உலகிலேயே அடிக்கடி எரியும் நிலங்களில் ஒன்று. ஆகவே அங்கே தீயே வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. எந்த மாதத்தில், எவ்வளவு பரப்பில் எரிகிறது என்பதே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது.

வறண்ட காலத்தின் தொடக்கத்தில், ஏறத்தாழ மே, ஜூன் மாதங்களில், புல்லில் இன்னும் ஈரம் இருக்கும். அப்போது வைக்கும் தீ முழங்கால் உயரத்தில் மெல்ல நகர்ந்து, இரவுப் பனியில் தானே அவிந்துவிடும். ஒரு துண்டு எரியும், அதை அடுத்த துண்டு எரியாமல் நிற்கும். எரிந்த துண்டில் சாய்ந்த தாளும் சருகும் போய்விடுவதால், மண்ணில் கிடக்கும் சோள விதை பறவையின் கண்ணுக்குத் தெரிகிறது. கருகிய தரையில் சில்லைகள் கூட்டமாக இறங்கி மேய்வதைப் பார்க்க முடியும். பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக இந்த நிலத்தில் கால்நடையாகப் போய்க்கொண்டே துண்டு துண்டாக எரித்து வந்தார்கள். அவர்களை நிலத்திலிருந்து அகற்றியபின் அந்தத் தீ நின்றது, புல் தேங்கியது.

செப்டம்பர், அக்டோபரில் வரும் தீ வேறு. புல் முழுக்கக் காய்ந்து, காற்றும் பலமாக இருக்கும்போது பற்றினால், அது நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டரை ஒரே வீச்சில் எரித்துவிடும். இதனால் பறவைக்கு நேரும் கேடு மூன்று:

1. காக்கட்டூ புல் முதலிய பல்லாண்டுப் புற்கள் பலவீனமடைந்து, அடுத்த மழைக்குக் குறைவாகவே கதிர் விடுகின்றன. ஸ்பினிஃபெக்ஸ் சில ஆண்டுகள் எரியாமல் இருந்தால்தான் நன்றாக விதை கொடுக்கும்.

2. மீண்டும் மீண்டும் எரியும் நிலத்தில் ஓராண்டுப் புல்லே மேலோங்குகிறது. அதாவது வறட்சிக்கால உணவு பெருகி, மழைக்கால உணவு சுருங்குகிறது. இடைவெளி இன்னும் நீள்கிறது.

3. பொந்துள்ள முதிய மரங்கள் அடியில் பற்றி விழுந்துவிடுகின்றன.

முதல் வகைத் தீயைத் திட்டமிட்டு வைத்தால் இரண்டாம் வகைத் தீ பரவ வழியில்லாமல் போகும் என்பதே இன்றைய மேலாண்மையின் அடிப்படை. டார்வினுக்குக் கிழக்கே உள்ள மேற்கு ஆர்னெம் நிலத்தில் 2006இல் தொடங்கிய திட்டத்தில் பழங்குடிக் காவலர்களும் அறிவியலாளர்களும் சேர்ந்து முன்பருவத் தீ வைக்கிறார்கள். பின்பருவத் தீ குறைவதால் வெளியேறாமல் தடுக்கப்படும் பசுங்குடில் வாயுக்களுக்கு அதில் பணமும் கிடைக்கிறது. கிம்பர்லியில் ஆஸ்திரேலியக் காட்டுயிர்க் காப்பு நிறுவனம் 2007 முதல் 'ஈகோஃபயர்' என்ற பெயரில் பக்கத்துப் பண்ணைகளையும் சேர்த்துக்கொண்டு இதைச் செய்கிறது. அங்கே பறவைகளைப் பிடித்து எடையும் இரத்தமும் பார்த்து விட்டபோது, தீ மேலாண்மை நடந்த இடத்துப் பறவைகளின் உடல்நிலை தேறியிருந்தது.

இத்தனை உழைப்பையும் கெடுக்கக்கூடிய ஒன்று காம்பா புல். ஆப்பிரிக்காவிலிருந்து மாட்டுத் தீவனத்துக்காகக் கொண்டுவந்த இந்தப் புல் நான்கு மீட்டர்வரை வளர்கிறது. இது எரியும்போது தீயின் உக்கிரம் உள்ளூர்ப் புல் எரிவதைப்போல எட்டு மடங்குவரை போகும். மரங்களே கருகிப்போகும் அந்தத் தீயில் எந்தப் பருவக் கணக்கும் நிற்காது. டார்வினைத் தலைநகராகக் கொண்ட வட பிரதேசத்தின் அரசு 2008இல் இதைக் களை என்று அறிவித்தபோது, டார்வினுக்குத் தெற்கே பெரும்பரப்பில் அது ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. அதே புல்லை வளர்க்கும்படி ஒரு காலத்தில் பண்ணையாளர்களுக்கு ஊக்கம் கொடுக்கப்பட்டது என்பது நெஞ்சை உறுத்தும் செய்தி.

மாடுகளின் பங்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முதல் மழைக்குப் பிறகு துளிர்க்கும் காக்கட்டூ புல் மாட்டுக்கும் விருப்பமான தீவனம். காட்டுப் பன்றிகள் அதன் கிழங்கு போன்ற அடித்தூரையே கிளறித் தின்கின்றன. பறவைக்கு மிக அவசியமான அதே வாரங்களில் அந்தப் புல்லுக்குப் போட்டி அதிகம்.

பொந்துக்குள்

பெரும்பாலான சில்லைகள் புல்லைச் சேர்த்து உருண்டைக் கூடு கட்டும். கூல்டியன் சில்லை மரப்பொந்தைத் தேடும். சால்மன் யூகலிப்டஸ், ஸ்னாப்பி யூகலிப்டஸ் முதலிய மரங்களின் உட்பகுதியைக் கறையான் அரித்து, கிளை ஒடிந்த இடத்தில் வாய் திறந்து பொந்து உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். நீள்வால் சில்லைகளும் அதே பொந்துக்குப் போட்டி போடுகின்றன.

உள்ளே இருட்டு. தாய்ப்பறவை நுழைந்து குஞ்சுகளின் வாயைக் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கென்றே குஞ்சுகளின் வாயோரங்களில் நீல நிற மணிகள் போன்ற சிறு முண்டுகள் உள்ளன. இவை இருட்டில் தாமே ஒளிவிடுவதாகப் பலர் எழுதுகிறார்கள், அது தவறு. பொந்தின் வாய் வழியாக வரும் சிறிதளவு ஒளியைத் திருப்பி அனுப்புவதால் அவை பளிச்சிடுகின்றன. பறவை வளர்ந்ததும் அந்த மணிகள் மறைந்துவிடும்.

வலையும் உண்ணியும்

அழகே இந்தப் பறவைக்குப் பகையானது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவது வழக்கம். பல பத்தாண்டுகள் வலை வைத்துப் பிடித்தது உண்மை. 1960இல் ஏற்றுமதியும், 1980களில் உள்நாட்டு விற்பனைக்கான உரிமம் பெற்ற பிடிப்பும் நின்றன. ஆனால் வலை நின்றபின் எண்ணிக்கை பழைய நிலைக்கு ஏறவில்லை. அதேபோல் 1980களின் பிற்பகுதியில் ஆராய்ந்த பறவைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றின் மூச்சுக்குழலிலும் காற்றுப் பைகளிலும் ஒருவகை உண்ணி இருந்தது; அதுவே காரணம் என்று சில காலம் எண்ணினார்கள். பசியால் மெலிந்த உடலை அது மேலும் வாட்டும் என்பதில் ஐயமில்லை. எனினும் முதற்காரணம் உணவின் இடைவெளி என்ற முடிவுக்கே ஆய்வுகள் மீண்டும் மீண்டும் வருகின்றன.

கூண்டில் பெருகுவதால் காடு நிறையுமா

ஐரோப்பா, அமெரிக்கா, ஆசியா என எங்கும் கூண்டுகளில் இந்தப் பறவை தலைமுறை தலைமுறையாகப் பெருக்கப்படுகிறது. சென்னையிலும் கோவையிலும் இதை வளர்ப்போர் இருக்கிறார்கள். அடைகாக்க மறுக்கும் கூல்டியன் ஜோடிகளின் முட்டைகளை 'பெங்காலிஸ்' என்ற வளர்ப்புச் சில்லையின் அடியில் வைத்துப் பொரிக்க வைப்பது வளர்ப்போர் நன்கறிந்த முறை. அந்தப் பெங்காலிஸ் நம் வெண்முதுகுச் சில்லையின் இனத்திலிருந்தே வளர்ப்புக்கு வந்த பறவை.

இந்தப் பெருக்கம் இனத்தின் பெயரை உயிரோடு வைத்திருக்கும்; காட்டில் வாழும் தகுதியை அது காப்பதில்லை. கிண்ணத்தில் தினை வைத்து வளர்த்த பறவைக்கு, டிசம்பர் மாதம் எந்தத் தாழ்நிலத்தில் எந்தப் புல் முற்றும் என்று தேடிப் போகும் அனுபவம் இராது. நீலம், வெள்ளி என்று புதுப்புது நிறங்களுக்காகத் தேர்ந்தெடுத்து இணைசேர்ப்பதால் மரபும் மாறிவிடுகிறது. இவை இரண்டையும் சரிசெய்தாலும், காட்டுப் பறவையையே பட்டினி போடும் நிலத்தில் கூண்டுப் பறவையைத் திறந்துவிட்டால் அதுவும் அங்கே அதே பட்டினியில்தான் விழும்.

நீர்நிலையில் எண்ணுவது

காட்டில் முதிர்ந்த பறவைகள் 2,500க்கும் குறைவு என்ற கணக்கு நீண்ட காலம் சொல்லப்பட்டு வந்தது. உணவைத் தேடி இடம்விட்டு இடம் போகும் பறவையை எண்ணுவது எளிதல்ல என்பதால், எந்தக் கணக்கையும் கறாராகப் பிடித்துக்கொள்ளக் கூடாது. எண்ணுவதற்கு நம்பகமான ஒரே நேரம் செப்டம்பர், அக்டோபர். வெயில் ஏறுவதற்கு முன்பே நீர்நிலையோரம் அசையாமல் உட்கார்ந்திருப்பார்கள். முதலில் மற்றச் சில்லைகள் வரும். பிறகு பக்கத்து மரத்தின் உச்சியில் ஒன்றிரண்டு கூல்டியன்கள் வந்து அமர்ந்து, வெகுநேரம் தயங்கி, மற்றவை பத்திரமாகக் குடித்துத் திரும்பியபிறகே ஓரத்தில் இறங்கும். அவற்றில் நிறம் ஏறிய முதிர்ந்தவை எத்தனை, சாம்பலும் மங்கிய பச்சையுமான அந்த ஆண்டுக் குஞ்சுகள் எத்தனை என்று தனித்தனியே குறிப்பார்கள். குஞ்சுகள் நிறைய இருந்தும் அடுத்த ஆண்டு முதிர்ந்தவை கூடவில்லை என்றால், இடையில் வந்த மழைக்காலம் அவற்றைக் கொண்டுபோயிருக்கிறது என்று பொருள்.

லீ பாயிண்ட் சர்ச்சையையும் இந்தக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். அங்கே எத்தனை பறவை தென்பட்டது என்பதைவிட முக்கியமான கேள்விகள் உண்டு.

1. அவை எந்த மாதத்தில் வந்தன? வறட்சியின் கடைசியில் வந்தவை என்றால், சுற்றுவட்டாரத்தில் எஞ்சிய தண்ணீரை நம்பி வந்தவை.

2. நீர்நிலையைச் சுற்றி விடும் இடைவெளியில் வெறும் மரங்கள் மட்டும் நிற்கின்றனவா, அல்லது பறவை மேயும் புல்லும் இருக்கிறதா? தண்ணீரைக் காப்பாற்றிவிட்டு மேய்ச்சலை எடுத்துக்கொண்டால், பறவை குடிக்க மட்டுமே வர முடியும்.

3. முதல் மழை விழுந்தபின் அவை எங்கே போகின்றன? அந்த இடம் இந்த ஒப்புதலின் வரைபடத்துக்குள் இல்லாமல்கூட இருக்கலாம்.

மூன்றாவது கேள்வி பெரும்பாலான ஒப்புதல் நடைமுறைகளில் கேட்கப்படுவதே இல்லை, ஏனெனில் அவை ஒரு மனையின் எல்லையை வைத்து எழுதப்படுகின்றன. சில்லையின் ஆண்டோ குன்றில் தொடங்கி, நீர்நிலையில் தங்கி, தாழ்நிலத்தின் புல்லில் முடிகிறது.